மார்த்தாண்டம் தேனும் ஓர் அமெரிக்கரும்

குழந்தைகளே! எங்கள் கருங்கல்லுக்குப் பக்கத்து ஊரான மார்த்தாண்டம் தேனுக்குப் பேர் போனது. அந்தத் தேனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரியுமா?

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கார், ரேடியோ என்று செல்வம் கொழித்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933-ல் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு ஜனாதிபதியான ரூஸ்வெல்ட், சாலை, அணை கட்டும் வேலைகளை அரசு மூலம் கொடுத்தார்.

அமெரிக்கா வாங்காவிட்டால் மற்ற நாட்டுச் சரக்குக்கு விலை ஏது? அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நம் பகுதியிலும் தேங்காய், கொப்பரை விலை விழுந்தது. தென்னையை மட்டும் நம்பிய குடும்பங்கள் தவித்தன.

ஆனால் மார்த்தாண்டத்தில் 1920-களிலேயே ஒரு நல்ல வேலை தொடங்கியிருந்தது. ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கிராம முன்னேற்ற மையம் நடத்தினார். கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு போன்ற கைத்தொழில்களை அங்கே ஏழைகள் கற்றார்கள்.

முன்பெல்லாம் புகை போட்டு, அடையைப் பிழிந்து தேன் எடுப்பார்கள். தேனீப் புழுக்களும் நசுங்கிவிடும். பெட்டியிலோ அடைகள் மரச்சட்டங்களில் இருக்கும். சட்டத்தைக் கழற்றி இயந்திரத்தில் சுழற்றினால் தேன் மட்டும் தெறித்து வரும். அடை உடையாது, திரும்ப வைத்துவிடலாம்.

1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோயால் ஏராளமான தேனீக் கூட்டங்கள் அழிந்தன. ஆனாலும் நம்மவர்கள் இத்தொழிலை விடவில்லை. இன்று ரப்பர் மரத்தின் இளந்துளிரில் சுரக்கும் இனிப்பு நீரையும் தேனீக்கள் தேனாக்குகின்றன.

ஒரே வருமானத்தை நம்பாமல் கையில் இன்னொரு தொழிலும் இருந்தால் கஷ்டகாலத்தில் அது கைகொடுக்கும், இல்லையா?