முதல் சுற்றில் யாரை எடுப்பது?

மாணவர்களே, இங்கிலீஷ் பிரிமியர் லீக்கின் சனிக்கிழமை ஆட்டங்கள் நம் நாட்டு நேரப்படி இரவு 10 அல்லது 11 மணிக்குத்தான் சூடுபிடிக்கும். ஞாயிறு ஆட்டங்கள் சில நள்ளிரவையும் தாண்டிவிடும். திங்கட்கிழமை காலையில் தாசேக் கெலுகோரில் என் வகுப்பில் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்தாலே, முந்தைய இரவு எந்தக் குழு ஆடியது என்று சொல்லிவிடலாம்.

பார்ப்பதோடு நிற்காமல் ஃபேண்டசி காற்பந்தும் ஆடுகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு நீங்கள் ஒரு கற்பனைக் குழு அமைக்கிறீர்கள். அவர்கள் திடலில் கோல் போட்டாலோ, கோலுக்கு வழிவகுத்தாலோ உங்கள் கணக்கில் புள்ளி ஏறும். வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 100 மில்லியன் பவுன் கற்பனைப் பணம் உண்டு. முகமட் சாலாவை நீங்களும் வாங்கலாம், பக்கத்து மேசை நண்பரும் வாங்கலாம். 2017இல் பிரிமியர் லீக் அறிமுகப்படுத்திய 'டிராஃப்ட்' ஆட்டம் அப்படியல்ல. அதில் பணமே கிடையாது. நண்பர்கள் முறை வைத்து ஒவ்வோர் ஆட்டக்காரராக எடுப்பார்கள். ஒருவர் எடுத்துவிட்டால் அந்த ஆட்டக்காரர் மற்றவருக்கு இல்லை. (உண்மைக் காசு வைத்து ஆடுவது சூதாட்டம். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை.)

இந்த வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. 1963இல் ஓக்லண்டு நகரில் எட்டுக் குழுக்கள் கொண்ட ஒரு நண்பர் வட்டம் அமெரிக்கக் காற்பந்து ஆட்டக்காரர்களை இப்படி முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டது. அன்று அவர்கள் முன் இருந்த கேள்விதான் இன்றும் இருக்கிறது: முதல் முறை வரும்போது யாரை எடுப்பது?

"அதிகப் புள்ளி எடுப்பவரை" என்று உடனே சொல்லத் தோன்றும். அந்தப் பதில் பாதிதான் சரி. ஏன் என்று பார்க்க ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நண்பர்கள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 2 கோல்காவலர், 5 தற்காப்பு ஆட்டக்காரர், 5 மத்தியத் திடல் ஆட்டக்காரர், 3 தாக்குதல் ஆட்டக்காரர் என 15 பேர் வேண்டும். அப்படியானால் எட்டுப் பேருக்கும் சேர்த்து 24 தாக்குதல் ஆட்டக்காரர்கள் தேவை. பிரிமியர் லீக்கில் இருப்பதோ 20 குழுக்கள். அவற்றில் பல, முன்வரிசையில் ஒரே ஒருவரை நிறுத்தி ஆடுகின்றன. வாரந்தோறும் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர்கள் சீக்கிரமே தீர்ந்துவிடுவார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மத்தியத் திடலில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே தேவை 40 பேர். ஒவ்வொரு குழுவும் மூன்று, நான்கு பேரை அந்த இடத்தில் நிறுத்துகிறது.

அடுத்து, முறை எப்படி வருகிறது என்று பாருங்கள். டிராஃப்டில் வரிசை பாம்புபோல் வளைந்து வரும். முதல் சுற்றில் 1, 2, 3 எனத் தொடங்கி 8 வரை போகும். இரண்டாம் சுற்றில் 8, 7, 6 எனத் திரும்பி 1 வரை வரும். உங்களுக்கு 3ஆம் இடம் கிடைத்திருந்தால் உங்கள் தேர்வுகள் 3ஆவது, 14ஆவது, 19ஆவது, 30ஆவது என அமையும். (ஆட்கள் n பேர், உங்கள் இடம் k என்றால், இரண்டாவது தேர்வு 2n + 1 − k. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) ஆக, முதல் தேர்வுக்கும் இரண்டாவது தேர்வுக்கும் இடையே 10 ஆட்டக்காரர்கள் பறிபோவார்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே போவது 4 பேர் மட்டுமே. ஒரே ஆட்டக்காரர் 3ஆவது தேர்வில் அவசரமாக எடுக்க வேண்டியவராகவும், 14ஆவது தேர்வில் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடியவராகவும் இருப்பது இதனால்தான்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. 3ஆவது தேர்வில் உங்கள் முன் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் மத்தியத் திடல் ஆட்டக்காரர். ஆண்டு முழுவதும் 240 புள்ளி எடுப்பார் என்று நினைக்கிறீர்கள். மற்றவர் தாக்குதல் ஆட்டக்காரர்; அவருக்கு உங்கள் மதிப்பீடு 210. கை தானாக 240ஐ நோக்கிப் போகும். பொறுங்கள். 14ஆவது தேர்வு வரும்போது யார் மிஞ்சியிருப்பார்கள்? மத்தியத் திடலில் 200 புள்ளிக்காரர் ஒருவர் இருப்பார் என்றும், முன்வரிசையில் 140 புள்ளிக்காரர்தான் இருப்பார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 240ஐ முதலில் எடுத்தால் இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்து 240 + 140 = 380. தாக்குதல் ஆட்டக்காரரை முதலில் எடுத்தால் 210 + 200 = 410. குறைந்த புள்ளிக்காரரை எடுத்தவர் 30 புள்ளி முன்னால் நிற்கிறார்!

ஆட்டக்காரரின் மொத்தப் புள்ளியைவிட, அவரை இப்போது விட்டால் அந்த இடத்துக்கு யார் கிடைப்பார், இருவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதே முக்கியம். இந்தக் கணக்கில் மத்தியத் திடலில் இடைவெளி 40, முன்வரிசையில் 70. பெரிய பள்ளம் எங்கே இருக்கிறதோ அதை முதலில் நிரப்ப வேண்டும். பொருளியல் பாடம் எடுப்பவர்கள் இதை வாய்ப்புச் செலவு என்ற பெயரில் படித்திருப்பீர்கள்.

கோல்காவலரை முதல் சுற்றுகளில் யாரும் ஏன் தொடுவதில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். வலுவான குழுவின் கோல்காவலர் கோல் விடாமல் 4 புள்ளி பெறுவார். பலவீனமான குழுவின் கோல்காவலருக்கு வேலை அதிகம். பந்தை மூன்று முறை தடுத்தால் 1 புள்ளி என்ற விதியால் அவரும் ஓரளவு ஈடுகட்டிவிடுவார். இருவருக்கும் இடையிலான பள்ளம் அவ்வளவு ஆழமில்லை.

நிஜக் காற்பந்திலும் டிராஃப்ட் நடந்திருக்கிறது. 2017 ஜூலை 23ஆம் நாள் மும்பையில் இந்தியன் சூப்பர் லீக் குழுக்கள் இந்திய ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுத்தன. முதல் தேர்வு புதிய குழுவான ஜம்ஷெட்பூருக்கு. அவர்கள் எடுத்தவர் கோல் அடித்துக் குவிக்கும் நட்சத்திரம் அல்லர். கேரளாவின் மலப்புரத்தைச் சேர்ந்த தற்காப்பு ஆட்டக்காரர் அனாஸ் எடத்தொடிக்கா. வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் குழுக்கள் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கோல் போடுகிறவரை வெளிநாட்டிலிருந்தும் கொண்டுவரலாம். தரமான இந்தியத் தற்காப்பு ஆட்டக்காரர் கைநழுவினால் அதே தரத்தில் இன்னொருவர் எளிதில் கிடைக்கமாட்டார். அந்தத் தேர்வு எனக்கு நியாயமாகவே படுகிறது.

சரி, 240, 210 என்ற மதிப்பீடுகள் எங்கிருந்து வரும்? பலர் போன ஆண்டுப் புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 2017/18 பருவத்தில் சாலா 303 புள்ளி குவித்தார். அடுத்த பருவத்தில் 259. எர்லிங் ஹாலண்ட் 2022/23இல் 36 கோல் போட்டு 272 புள்ளி எடுத்தார். அடுத்த பருவத்தில் 217. இருவரும் திறமையை இழந்துவிட்டார்களா என்ன? மிக உயர்ந்த ஓர் எண்ணில் திறமையும் இருக்கும், அந்த ஆண்டின் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். திறமை அடுத்த ஆண்டும் கூடவே வரும். அதிர்ஷ்டம் அதே அளவில் வருவது அரிது. 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன், பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு இதைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகளும் உயரம்தான். ஆனால் பெற்றோரைவிடச் சராசரிக்குச் சற்று நெருங்கி வருகிறார்கள். இதற்குச் சராசரியை நோக்கிய பின்னடைவு என்று பெயர். எனவே ஓர் ஆண்டை நம்பாமல் இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியைப் பாருங்கள். விதிவிலக்கும் உண்டு. அதே சாலா 2024/25இல் 344 புள்ளி எடுத்துத் தம் பழைய உச்சத்தையே தாண்டினார். பின்னடைவு என்பது பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் போக்கு. ஒரு தனி மனிதர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில்லை.

காயம் இன்னொரு கேள்வி. ஒருவர் ஆட்டத்துக்குச் சராசரி 6 புள்ளி எடுப்பார், ஆனால் 38 ஆட்டங்களில் 24தான் ஆடுவார் என்று வையுங்கள்: 144. இன்னொருவர் 5 புள்ளிதான், ஆனால் 34 ஆட்டம்: 170. இரண்டாமவர்தான் சரி என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் முதலாமவர் ஆடாத 14 ஆட்டங்களில் உங்கள் குழு பத்துப் பேரோடு நிற்கப் போவதில்லை. மாற்று ஆட்டக்காரர் இறங்குவார். அவர் ஆட்டத்துக்கு 3 புள்ளி எடுத்தால் 144 + 42 = 186. இரண்டாமவருக்கு 170 + 12 = 182. கணக்கு கவிழ்ந்துவிட்டது! மாற்று ஆட்டக்காரர் 2 புள்ளிதான் எடுப்பார் என்றால் மீண்டும் கவிழும். போட்டுப் பாருங்கள்.

வரிசையில் 1ஆம் இடம் கிடைத்தவருக்கு இதெல்லாம் அநியாயமான சலுகை அல்லவா என்று சிலர் கேட்பீர்கள். நம் பள்ளித் திடலிலேயே சோதிக்கலாம். இரண்டு தலைவர்கள், எட்டு ஆட்டக்காரர்கள். அவர்களின் திறமைக்கு 10, 9, 8 என 3 வரை எண் கொடுப்போம். மாறி மாறி எடுத்தால் முதல் தலைவருக்கு 10 + 8 + 6 + 4 = 28. மற்றவருக்கு 24. பாம்பு வரிசையில் எடுத்தால் இருவருக்கும் 26. பெனால்டி உதைகளையும் இப்படி வளைத்துப் பார்த்தார்கள். 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில் ஆர்சனல் செல்சியை வென்றது இந்த வரிசை முறையில்தான். மறு ஆண்டே அதைக் கைவிட்டுவிட்டார்கள். பாம்பு வரிசைக்கும் ஒரு குறை உண்டு. எண்கள் சீராக இறங்காமல் 10, 6, 5, 4 என்று இருந்தால் முதல் தலைவருக்கு 14, மற்றவருக்கு 11. ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தால் முதல் இடம் முதல் இடம்தான்.

இதைவிட நியாயமான ஒரு வழி தமிழ்ப் பிள்ளைகளிடம் முன்பே இருந்தது. சடுகுடு, கிட்டிப்புள் ஆடும்போது குழு பிரிக்கும் 'உத்தி' முறை அது. ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப்போய், இரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து தலைவர்களிடம் "மாங்காய் வேண்டுமா, தேங்காய் வேண்டுமா?" என்பார்கள். ஒரு தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப் பக்கம். யார் மாங்காய் என்று தலைவருக்குத் தெரியாது. ஆகவே முதலில் கேட்பதால் எந்தச் சலுகையும் இல்லை. மேலே சொன்ன எட்டுப் பேரை 10–9, 8–7, 6–5, 4–3 என இணை சேர்த்தால், முதல் தலைவருக்கு நான்கு முறையும் நல்லவரே விழும் வாய்ப்பு 16இல் 1தான். புதிய மருந்தைச் சோதிப்பவர்களும் சில வேளைகளில் இப்படிச் செய்வதுண்டு: வயதும் நோயும் ஒத்த இருவரை இணையாக்கி, யாருக்குப் புதிய மருந்து என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள்.

உத்தியில் எனக்குப் பிடித்தது வேறொன்று. "கடைசியாக எஞ்சியவன், நீ வைத்துக்கொள்" என்று ஒரு பிள்ளை எல்லார் முன்னிலையிலும் தனியே நிற்க வேண்டிய நிலை அதில் வருவதில்லை. ஃபேண்டசி பட்டியலில் கடைசியாக எடுக்கப்படும் ஆட்டக்காரருக்கு அது தெரியப் போவதில்லை. உடற்கல்வி வேளையில் நிற்பவருக்குத் தெரியும். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் என்னென்ன பெயர்கள் வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பிரிமியர் லீக் டிராஃப்டில் ஒரு வட்டத்தில் 16 பேர் வரை ஆடலாம். உங்கள் வகுப்பில் 16 பேர் சேர்கிறீர்கள், உங்களுக்கு 1ஆம் இடம் என்று வையுங்கள். உங்கள் இரண்டாவது தேர்வு எத்தனையாவது? அதற்குள் எத்தனை பேர் பறிபோயிருப்பார்கள்? 16 பேருக்கும் சேர்த்து 32 கோல்காவலர்கள் வேண்டும், குழுக்களோ 20. அப்போது உங்கள் கோல்காவலரை எந்தச் சுற்றில் எடுப்பீர்கள்?