டி.வி.யில் கேள்வி, டீக்கடையில் பதில்! பார்த்தால் கொண்டாட்டம், பணம் கட்டினால் திண்டாட்டம்

கோவை,

கேள்வி கேட்பவர் டி.வி.க்குள் இருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் எதிரே உட்கார்ந்து முழிக்கிறார். அதற்குள் காந்திபுரத்து டீக்கடையில் டம்ளரும் கையுமாக நிற்பவர் முந்திக்கொள்கிறார்.

"'பி'தானுங்கோ! கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாமுங்க!"

பதில் சரி என்றால் அவருக்குப் பரிசு கிடையாது. ஆனாலும் கோடி ரூபாய் கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு! தப்பு என்றால், "நானும் அதைத்தானுங்க நெனச்சேன்" என்று ஒரு சமாளிப்பு!

போட்டி நிகழ்ச்சிகள் மக்களைக் கட்டிப் போடும் ரகசியம் இதுதான். சினிமா பார்ப்பவர் கதையை மாற்ற முடியாது. போட்டியைப் பார்ப்பவரோ தானும் ஒரு போட்டியாளர் ஆகிவிடுகிறார். அதுவும் இலவசமாக!

நோம்பி ஆட்டம்

கொங்கு நாட்டுக்கு இது புதுசு அல்ல. பொங்கல் நோம்பி வந்தால் பானை உடைக்கும் போட்டி உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பு பிடிப்பவர் ஒருவர்தான். "சோத்தாங்கைப் பக்கம் போ", "பீச்சாங்கைப் பக்கம் திரும்பு" என்று வழி சொல்பவர்களோ ஊர் முழுக்க! பாதிப் பேர் வேண்டும் என்றே தப்பாகச் சொல்வார்கள். ஆடுபவரை விட, கத்துபவர்களுக்கே ஆனந்தம் அதிகம்.

அந்த ஆனந்தத்தை வானொலிக்குக் கொண்டுவந்தது "பாட்டுக்குப் பாட்டு". இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது நடத்தினார். பிறகு சன் டி.வி.க்கும் அவரே கொண்டுவந்தார். ஓர் எழுத்தைக் கொடுப்பார். அந்த எழுத்தில் தொடங்கும் சினிமாப் பாட்டைப் பாட வேண்டும். மேடையில் நிற்பவர் திணறுவார். வீட்டில் அடுப்படியில் இருப்பவர் அதற்குள் 2 பாட்டை எடுத்து விடுவார்!

4 பதில்

பிரிட்டனில் 1998-ல் தொடங்கிய கோடீசுவரர் போட்டி, 2000-ல் அமிதாப் பச்சன் மூலம் இந்திக்கு வந்தது. தமிழில் சரத்குமார் நடத்தினார். 2012-ல் சூர்யா வந்தார். 2019-ல் ராதிகா பெண்களுக்காக நடத்தினார். அதில் 2020 ஜனவரியில் 1 கோடி ரூபாய் வென்றவர், காது கேட்காத, வாய் பேச முடியாத ஒரு மதுரைப் பெண்!

இதில் உள்ள தந்திரம் என்ன? முதல் கேள்விகள் சுலபமாக இருக்கும். 'நமக்கும் தெரிகிறதே' என்று தைரியம் வரும். கேள்வி கஷ்டமானாலும் பதில் 4-ல் ஒன்று. தெரியாதவரும் ஊகித்துப் பார்க்கலாம்.

சபையில் இருப்பவர்களின் ஊகத்தையும் லேசாக நினைக்க முடியாது. அமெரிக்க நிகழ்ச்சியில், சபையோர் பெரும்பான்மையாகச் சொன்ன பதில் 91 சதவீதம் சரியாக இருந்தது. போனில் கேட்கப்பட்ட கெட்டிக்கார நண்பர்கள் 65 சதவீதம்தான்!

ஏமாற்றம்

அதே அமெரிக்காவில் 1950-களில் ஒரு மோசடி வெளிப்பட்டது. "டுவென்டி ஒன்" என்ற போட்டியில் சிலருக்கு முன்கூட்டியே பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாடே கொதித்தது. 1960-ல் இதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது.

பார்த்தவர்களுக்குக் காலணா நஷ்டம் இல்லை. பிறகு ஏன் கோபம்? அவர்களும் வீட்டில் இருந்தபடி ஆடியவர்கள் ஆயிற்றே!

கட்டணம்

பார்ப்பவரிடமே காசு கேட்டால்தான் கதை மாறுகிறது.

1930-களில் ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தினார். வாசகர்கள் குவிந்தார்கள். நாடு முழுவதும் இப்படிப் பரிசுப் போட்டிகள் பெருகின. 1955-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. அறிவுப் போட்டிக்கு அல்ல, அதிர்ஷ்டப் போட்டிக்கே இந்தக் கட்டுப்பாடு என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது.

'இது திறமையா, அதிர்ஷ்டமா?' என்ற அதே வழக்கு ஆன்லைன் ரம்மியிலும் வந்தது. கடன்பட்டுப் பலர் தற்கொலை செய்துகொண்டதால், 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. தடைச் சட்டமும் வந்தது. ரம்மி, போக்கர் மீதான தடையை 2023-ல் சென்னை ஐகோர்ட்டு நீக்கியது.

2025-ல் வேறு வழி பிடித்தார்கள். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழகம் விதி செய்தது. ஐகோர்ட்டு ஏற்றது. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை கொண்டுவந்தது. திறமை ஆட்டம் என்றாலும் விதிவிலக்கு இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

தனி ஆள்

ராத்திரிக்கு ஏன் தனி விதி? பானை உடைக்கும் இடத்தில் ஊரே நிற்கிறது. தோற்றால் சிரித்துவிட்டு, "போதும், இறங்கப்பா" என்று கம்பைப் பிடுங்கிவிடும். போர்வைக்குள் செல்போனைத் தட்டுபவரிடம் பிடுங்க ஆள் இல்லை. முதலில் சின்ன ஜெயிப்பு. பிறகு 'மயிரிழையில் தவறிப்போச்சு' என்ற ஆசை. விடிவதற்குள் சம்பளம் காலி!

சட்டம் வந்துவிட்டது என்று அசட்டையாக இருக்க முடியாது. "ஜெயித்தால் பல மடங்கு" என்று ஒரு லிங்க் வந்தால், ஒன்றை மட்டும் பாருங்கள். உள்ளே நுழையக் காசு கேட்கிறார்களா? கேட்டால் தொடாதீர்கள்.

பணத்தைப் பறிகொடுத்தவர்கள் சைபர் கிரைம் எண் 1930-ல் உடனே புகார் செய்யலாம். மனம் உடைந்தவர்கள் 14416-ல் பேசலாம். கட்டணம் இல்லை.