கடல்பாசியை விட மென்மையான மூளை: ஹெல்மெட் ஏன் அவசியம்?



வெள்ளிக்கிழமை மதியம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஜும்ஆவுக்கு பைக்கில் வரும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். பலருடைய தலையில் தொப்பி இருக்கும். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கும். கேட்டால், "பக்கத்துலதானே ஹஜ்ரத், மெதுவாத்தான் வந்தேன்" என்பார்கள். அவர்கள் வருவதோ கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை.

மண்டை உடையாவிட்டால் ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறோம். அது தவறு. ஏன் என்று பார்ப்போம்.

நோன்பு திறக்க வீட்டில் கடல்பாசி காய்ச்சுகிறோம். ஆறியதும் அதைத் துண்டு போட முடிகிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள நம் மூளை அதை விடவும் மென்மையானது. ரப்பரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மென்மை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளை அமைப்பைக் காட்டும் 5,132 வெட்டுப் படங்களை 2024 டிசம்பரில் வெளியிட்டது. அப்படி மெல்லிய துண்டுகளாக வெட்டுவதற்கு மூளையை முதலில் உறைய வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த மென்மையில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் மூளை தண்ணீரைப் போலச் சுருங்க மறுக்கும். ஆனால் முறுக்கினால் எளிதில் உருக்குலையும். ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே இதை எடுத்துச் சொன்னார். மூளைக்குப் பதிலாக ஜெலட்டினை வைத்து அவர் சோதித்தார். கடல்பாசிக் கிண்ணத்தைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். கிண்ணம் திரும்பிவிடும், உள்ளே இருப்பது பின்தங்கும். தலை தரையில் மோதிச் சுழலும்போதும் இதுவே நடக்கிறது. மண்டை ஓடு உடையாமலே உள்ளே நரம்பு இழைகள் இழுபடும். இரத்த நாளங்கள் கிழியும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம்.

உயிருள்ளவரின் மூளை எவ்வளவு மென்மை என்று எப்படி அளப்பது? இறந்த பின் எடுத்த திசுவின் தன்மை மாறிவிடும். அதற்கு 1995-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு வழி பிறந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் முத்துப்பிள்ளை என்பது நமக்கு மகிழ்ச்சி. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதே உடலுக்கு மெல்லிய அதிர்வு கொடுத்து, உள்ளே அலை பரவுவதைப் படம் பிடிக்கிறார்கள். கெட்டியான திசுவில் அலை வேகமாகவும் மென்மையான திசுவில் மெதுவாகவும் செல்லும். அதை வைத்து மென்மையைக் கணக்கிடுகிறார்கள்.

இந்த அளவுகளைக் கொண்டு கணினியில் ஒரு மாதிரி மூளையை உருவாக்குகிறார்கள். அதை எண்ணற்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, விபத்தில் எந்தக் கட்டம் எவ்வளவு இழுபடும் என்று பார்க்கிறார்கள். ஒரு நுணுக்கம்: மூளை மெதுவாக அழுத்தினால் ஒரு விதமாகவும், வேகமாக அடிபட்டால் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். மாதிரியில் அதையும் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவின் புதிய ஹெல்மெட் விதியில் தலை சுழலும்படியான சாய்வு மோதல் சோதனையும் இடம்பெற்றுள்ளது.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் தான் நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. அதனால் மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையைப் பூட்டுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு பின்னால் அமர்பவருக்கும் பொருந்தும். உம்மாவும் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

விழுந்தவர் "ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்தாலும், வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தால் "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பள்ளிவாசலில் இறங்கியதும் அணியலாம். உயிர் ஓர் அமானிதம். வீட்டில் காத்திருப்பவர்களுக்காகவும் அதைப் பேணுவோம்.