வெயிலில் முட்டை ஏன் குறைகிறது?

நாள்தோறும் முட்டை விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் தலைமையகம் புனேயில் உள்ளது. அந்நகரிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டால் கொல்லைப்புறக் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. வயதாகிவிட்டதென எண்ணி அவற்றை விற்றுவிடுவோர் உண்டு. கடன் பெற்று வளர்ப்போருக்கு அது இரட்டை இழப்பாகும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை; மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்குத் தேவையான கார்பனேட்டும் குறைகிறது, ஓடு மெலிகிறது. தீனியும் உட்செல்வதில்லை. நாய் துரத்தினாலும், தீபாவளி வெடி அதிர்ந்தாலும் உருவான முட்டையைக் கோழி உள்ளேயே தேக்கி வைப்பதுண்டு. அது தாமதமாக வெளிவரும்.

நிழலில் மண்பானை நீரும், வெயிலேறுமுன் தீனியும், சிறிது கிளிஞ்சல் தூளும் தருமாறு பரிந்துரைக்கிறோம். விற்பனையை ஜூன் மழை வரையேனும் ஒத்திவையுங்கள். வெப்பம் தணிந்தபின் நலமுள்ள கோழிகள் பெரும்பாலும் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.