ஒரே கண்ணாடி, வேறு வேறு விரிசல்

காரின் முன்கண்ணாடி பலமாக அடிபட்டாலும் பொலபொலவென்று உள்ளே கொட்டுவதில்லை. சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 0.76 மி.மீ. பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. பாலிவினைல் பியூட்டிரால் என்ற அந்தப் படலம்தான் சில்லுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நடந்து போகிறவர் மீது கார் மோதினால் அவர் தலை பல நேரங்களில் இந்தக் கண்ணாடியில்தான் வந்து இடிக்கும். அதனால்தான் ஐரோப்பாவின் யூரோ என்கேப் வாகனப் பாதுகாப்புச் சோதனைகளில் 4.5 கிலோ எடையுள்ள செயற்கைத் தலையை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காரின் முன்பகுதியில் எறிந்து பார்க்கிறார்கள். கண்ணாடி உடனே உடைந்தால் படலம் இழுபட்டு வேகத்தைத் தணிக்கும். சில மில்லி விநாடி தாமதித்தால் அடி மண்டையில் இறங்கிவிடும்.

ஒவ்வொரு வடிவமைப்பையும் இப்படி உடைத்துப் பார்க்க முடியாது. எனவே கணினியில் கண்ணாடியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் கணக்கிடுகிறார்கள். கண்ணாடிக்குள் அதிர்வலை விநாடிக்குச் சுமார் 5,500 மீட்டர் ஓடும். அதைத் தவறவிடாமலிருக்க, 5 மி.மீ. கட்டம் என்றால் மைக்ரோ விநாடிக்கும் குறைவான இடைவெளியில் கணக்கு நகர வேண்டும். 20 மில்லி விநாடி மோதலுக்கே இருபதாயிரம் படிகளுக்கு மேல்.

நிஜ மோதலில், அடிபட்ட இடம் உள்வாங்கும்போது கண்ணாடியின் மறுபக்கம் இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்கும் கண்ணாடி இழுவிசையைத் தாங்காது. அங்கிருந்து ஆரக்கால் விரிசல்கள் விநாடிக்கு 1,500 மீட்டர் வரை வேகத்தில் பாயும். நடுவில் நிற்கும் ஆப்புத் துண்டுகள் பிறகு வளைந்து குறுக்கே உடைய, வளையங்கள் தோன்றும்.

கணினியில் வரும் விரிசலோ, நாம் போட்ட கட்டங்களின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகப் பார்க்கும். உடைந்த கட்டத்தை நீக்கினால் அதன் எடையும் காணாமல் போகிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவர்ட் சில்லிங் 2000-ல் முன்வைத்த பெரிடைனமிக்ஸ் முறை, பொருளைப் புள்ளிகளாகவும் அவற்றுக்கிடையேயான பிணைப்புகளாகவும் பார்க்கிறது. பிணைப்பு அறும் வழியில் விரிசல் தானே பாதை தேடிக்கொள்ளும். ஆனால் கணக்கு ஏகத்துக்கும் கூடும். படலமும் லேசுப்பட்டதல்ல: மெல்ல இழுத்தால் ரப்பர், வெடுக்கென்று இழுத்தால் விறைப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கீறல்கள். உடைவு அவற்றிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை 1921-லேயே பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் விளக்கிவிட்டார். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு கண்ணாடிகள்கூட ஒரேமாதிரி உடையாது. ஆகவே ஒரு கணினி மாதிரியை ஒருமுறை ஓட்டி வரும் விடையை நம்பக் கூடாது என்பேன். கண்ணாடியின் வலிமையை வெய்புல் என்ற புள்ளியியல் பரவலின்படி மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கில் ஓட்ட வேண்டும். அந்த முடிவுகளின் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு, கண்ணாடி மிகத் தாமதமாக உடைந்த ஓட்டங்களை ஒதுக்கும் உரிமை எந்த வடிவமைப்பாளருக்கும் இல்லை.