முதுகு நோயுடன் வேலை தேடுவோர்க்கு

மே மாதம் முதல் நாள் நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கிராம சபை கூடியது. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளிச் சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பேசி முடித்துத் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிடும் வேளையில், பின்புறம் தூணைப் பற்றிக்கொண்டு நின்றிருந்த ஒருவர் கேட்டார்: "ஏனுங்கய்யா, முதுகு வலிக்காரனுக்குக் காதர்பேட்டையில எந்தக் கடையில வேலை குடுப்பாங்க? மாத்திரை போட்டாத்தான் நிக்க முடியுது. மாத்திரை போடறவன்னு தெரிஞ்சா வேண்டாங்கறாங்க."

கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. உடனே விடையும் தோன்றவில்லை. அவருக்கு வயது நாற்பது. பன்னிரண்டு ஆண்டுகள் பண்டல் சுமந்தவர். இரண்டு பெண் குழந்தைகள் பள்ளியில் பயில்கின்றனர். வேலை போய் நான்கு மாதங்களாகியிருந்தன. அவர் கேட்ட கேள்விக்கு, வட்டார மருத்துவ அலுவலர், இயன்முறை மருத்துவர், பனியன் கம்பெனி மேலாளர் சிலர் ஆகியோரிடம் விசாரித்து நாம் திரட்டிய விடையே இக்கட்டுரை.

திருப்பூர் இரயில் நிலையத்துக்கு அண்மையிலுள்ள காதர்பேட்டையை அறியாத பனியன் வியாபாரி இல்லை. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் இவ்வூரில் தொடங்கிய பின்னலாடைத் தொழில் இன்று ஒரு மாவட்டத்தையே தாங்கி நிற்கின்றது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிந்ததும், உள்நாட்டுக்கெனத் தைத்ததும் இப்பேட்டையின் சிறு கடைகளில் குவிந்து, பண்டல் பண்டலாக வெளியூர்களுக்குச் செல்கின்றன. நம் கிராமங்களிலிருந்து காலைப் பேருந்தில் ஏறுவோரில் பலர் இங்கே கடைச் சிப்பந்திகளாகவும், பண்டல் கட்டுவோராகவும், சுமப்போராகவும் உழைக்கின்றனர். மற்றையோர் பனியன் கம்பெனிகளுக்குச் செல்கின்றனர்.

முதுகின் கண்கொண்டு நோக்கினால் இவ்வேலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமானவை. பவர் டேபிளில் அமர்ந்து தைப்பவர் சாய்மானமில்லாத ஸ்டூலில் முன்குனிந்தபடி நாளைக் கழிக்கிறார். செக்கிங், அயர்ன் பகுதிகளில் நின்றே தீரவேண்டும். பேக்கிங்கில் இருப்பவர் குனிந்து, பெட்டியைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி அடுக்குகிறார். இம்மூன்றும் ஒருங்கே நிகழும் அசைவே முதுகுக்கு மிகக் கொடியது என்பர் மருத்துவர். போதாக்குறைக்கு, எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு என்றால் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்டு எனக் கணக்கிடுவது திருப்பூர் வழக்கம். வாரச் சம்பளம் வாங்கும் சனிக்கிழமையை எண்ணி அந்த அரை ஷிப்டை விட எவருக்கும் மனம் வருவதில்லை.

இந்நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவர்களுள் பெரும்பாலோர்க்கு எலும்பு முறிவோ கட்டியோ போன்ற குறிப்பிட்ட காரணம் எதுவும் தென்படுவதில்லை. படமெடுத்துப் பார்த்தால் வட்டு தேய்ந்திருப்பதாகத் தெரியலாம். வலியே இல்லாத நடுவயதினர் பலர்க்கும் அவ்வாறே தெரியும். ஆதலின் "தண்டுவடம் தேய்ந்துவிட்டது, இனி எழுந்து நடமாடாதே" எனக் கூறுவோர் சொல்லைக் கேட்டுப் படுக்கையில் கிடப்பது தவறு. ஆனால் சிறுநீர் அல்லது மலம் கட்டுக்கடங்காமற் போதல், தொடையிடுக்கு மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சலுடனோ உடல் மெலிவுடனோ கூடிய வலி ஆகியவை வேறு வகை. இவை கண்டால் வேலை தேடுவதை ஒத்திவைத்து அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

2023 டிசம்பரில் அந்நிறுவனம் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், இயன்முறைச் சிகிச்சை, மனநல ஆலோசனை, அழற்சி தணிக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை அது ஏற்கின்றது. அபின் இனத்து வலி மருந்துகளையும், இழுவைச் சிகிச்சையையும், இடுப்புப் பட்டையையும் வழக்கமாகக் கொடுக்கலாகாது என்கின்றது. நம் ஊர்களில் வேலைக்குப் போகுமுன் பட்டை வாங்குவதையே முதற்காரியமாகக் கருதுவோர் இதனைக் கவனிக்கவேண்டும். நடையின் பயன் பற்றி ஆஸ்திரேலியாவில் சுமார் 700 பேரிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியாயிற்று. நடைப்பயிற்சி பெற்றோர்க்கு வலி மீண்டும் வர, நடுத்தரக் கணக்கில், 208 நாள் ஆயிற்று. பெறாதோர்க்கு 112 நாளில் வந்தது. காசு செலவில்லாத மருந்து இது.

இனி மாத்திரைக்கு வருவோம். கேள்வி கேட்ட அன்பரின் சட்டைப்பையில் மூன்று வகை அட்டைகள் இருந்தன. ஒன்று மருத்துவர் எழுதியது. ஒன்று மருந்துக் கடையில் "இடுப்பு வலிக்கு" எனக் கேட்டு வாங்கியது. மற்றொன்று உடன் வேலை செய்தவர் அன்பினால் கொடுத்தது. மருத்துவ அலுவலர் மூன்றையும் புரட்டிப் பார்த்தார். பெயர்கள் வேறானாலும் இரண்டில் அசிகுளோபினாக்கும் பாரசிட்டமாலும் கலந்திருந்தன. அறியாமலே ஒரே மருந்தை இருமடங்காக உண்டு வந்திருக்கிறார்! பாரசிட்டமால் ஒரு நாளில் நான்கு கிராமுக்கு மேற்பட்டால் ஈரலுக்குக் கேடு; குடிப்பழக்கம் உள்ளவர்க்கு அவ்வளவும் ஆகாது. அசிகுளோபினாக், டைக்ளோபினாக் போன்றவை நாள்தோறும் உட்கொள்ளப்படின் இரைப்பையைப் புண்ணாக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைத் தாக்கும். கோடையில் வியர்வை சொட்ட, தண்ணீரும் பருகாமல் வேலை செய்வோர்க்கு இவ்வாபத்து அதிகம். கழிப்பறைக்கு எழவேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பவர் இம்மாத்திரையை உண்பது இருமடங்கு தீங்கு.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசியினால், அம்மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மாண்ட செய்தியை நம் கால்நடை வளர்ப்போர் அறிவர். 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அரசு தடை செய்தது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் சில கழுகுகளேனும் எஞ்சியிருப்பது பெரிது. மனிதர்க்குப் பொருந்தும் அளவில் இது நல்ல மருந்தே. அளவை வகுக்கவேண்டியவர் மருத்துவர். உடன் வேலை செய்பவரோ மேஸ்திரியோ அல்லர்.

மேஸ்திரியைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறநிறுவனத்தின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உழைக்கும் பெண்கள் சுமார் 100 பேரைக் கண்டு பேசினர். மாதவிடாய் வலிக்கென அவர்கள் அனைவருக்கும் வேலையிடத்திலேயே பெயர் ஒட்டாத மாத்திரைகள் தரப்பட்டிருந்தன. பாதிக்கு மேற்பட்டோர் அதனால் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். எந்த மாத்திரை என்றே அறியாமல் விழுங்குபவர், பின்னர் மருத்துவரிடம் எதைச் சொல்ல இயலும்?

டிரமடால் போன்றவற்றின் நிலை வேறு. 2018 ஏப்ரல் முதல் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துள்ளது. இவ்வினத்து மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்தும் இளைஞரைக் காவல் துறையினர் பிடிப்பதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். ஆதலால் முதலாளிமார்க்கு அச்சம் உண்டாவது இயல்பே. ஆனால் மருத்துவர் சீட்டின்பேரில் உண்ணும் நோயாளியையும் அக்கூட்டத்திலேயே சேர்ப்பது அநீதி. இவர்கள் மருத்துவர் சீட்டையும் மருந்துக் கடை ரசீதையும் எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும். மாத்திரையை அட்டையினின்று பிரித்துத் தாளில் மடித்துக் கொண்டுசெல்லலாகாது. மற்றொன்றும் உண்டு. டிரமடாலும் பிரிகாபலினும் உறக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரக்கூடியவை. அவற்றைத் தொடங்கிய நாள்களில் கட்டிங் கத்தியின் அருகிலோ, ஓவர்லாக் ஊசியின் முன்னோ அமர்வது விரலுக்கு உலை. மதுவுடன் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். பல நாள் உண்டபின் திடீரென நிறுத்துவதும் கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

வேலை தேடும்போது நோயைச் சொல்வதா, மறைப்பதா? இதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருந்தது. வாயிலில் தொங்கும் "ஆட்கள் தேவை" பலகையைக் கண்டு நுழைபவர், நோய்க் கதையிலிருந்து தொடங்கவேண்டியதில்லை என்பது நம் எண்ணம். "செக்கிங் தெரியும், கணக்கு எழுதத் தெரியும், பண்டல் தூக்குவதற்கில்லை" என்று வேலையைக் குறித்துப் பேசினால் போதும். ஆயின் பொறியோ கத்தியோ இயக்கும் வேலையானால், உறக்கம் தரும் மருந்தை உண்பதை மறைத்தலாகாது; அங்கே பிறர் உயிரும் அடங்கியிருக்கின்றது. ஒன்றரை ஷிப்டுக்கு ஒப்புக்கொண்டு இரண்டாம் வாரம் படுத்துவிடுவதைவிட, ஒரு ஷிப்டு மட்டுமே வருவேன் என முதல் நாளே கூறிவிடுதல் நன்று. இதற்கு இசையும் கம்பெனிகள் உள்ளன. பீஸ் ரேட் வேலையில் இடையிடையே எழுந்து நடக்கவும் இயலும். ஆனால் கூலி குறையும் என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

கடையில் நிற்போர்க்கு ஒரு சட்டம் துணை நிற்கின்றது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, சிப்பந்திகளுக்கு இருக்கை தருதல் கட்டாயமாயிற்று. நின்று பணிபுரிவோர்க்கு இருக்கை வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவே கூறியது. சுமையைப் பொறுத்தவரை, 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆடவர் தூக்கும் உச்ச எடையாக 55 கிலோவைப் பரிந்துரைத்தது. காதர்பேட்டைக் கடைகளில் இருக்கையுள்ள கடையும் உண்டு. இருக்கையின்மேலேயே பண்டலை அடுக்கிய கடையையும் நாம் கண்டோம்.

எல்லாவற்றினும் மேலாக, புதிய இடத்தில் கேட்கவேண்டிய முதற் கேள்வி கூலி பற்றியதன்று, இ.எஸ்.ஐ. உண்டா என்பதே. தொழிலாளியின் பங்கு கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய 78 நாள் பணம் செலுத்தப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் முடிய நோய்க்காலப் படிக்கு உரிமை பிறக்கின்றது. ஆண்டில் 91 நாள் வரை, கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம் கிடைக்கும். வட்டு பிதுங்கிய நோயோ நீடித்த நோய்களின் பட்டியலில் உள்ளது. ஈராண்டு தொடர்ந்து பணிபுரிந்து உரிய நாள்கள் பணம் செலுத்தியவர்க்கு இப்படி கூடுதல் காலத்துக்கும், நூற்றுக்கு எண்பது வீதமாகவும் உயரும். காப்பீட்டு எண் ஆயுள் முழுதும் ஒன்றே. கம்பெனி மாறும்தோறும் புது எண் வாங்கி, பழைய உரிமையை இழந்தோர் பலர். அன்பரிடம் அப்படி மூன்று எண்கள் இருந்தன.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்க்கும் வழி உண்டு. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வட்டாரந்தோறும் வருகின்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும். வேலைக்கு மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிந்து, தனியார் துறை முகாம்களுக்கும் செல்லலாம்.

அந்த அன்பர் இப்போது இரண்டு அட்டைகளை விட்டுவிட்டார். மூன்றாவதை மருத்துவர் குறைத்து வருகிறார். காலையில் குளக்கரையில் அரைமணி நேரம் நடக்கிறார். ஊருக்கு அருகிலுள்ள சிறு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஒரு ஷிப்டு வேலை. முன்பு வாங்கியதைவிட வாரக் கூலி குறைவு. அதைப் பற்றி அவர் வீட்டார்க்கு வருத்தம் உண்டு. பேருந்துக் கூலி மிச்சம் என்கிறார் அவர். மேசை தாழ்வாக இருந்தமையால் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டாராம். அடுத்த மேசைக்காரரும் செங்கல் கேட்டிருக்கிறார்.