உங்களுக்குத் தெரியுமா? மிதவைத் தொட்டியும் தீராத வலியும்

மிதவைத் தொட்டியில் தண்ணீர் ஏறத்தாழ ஓரடி ஆழம்தான். நூற்றுக்கணக்கான கிலோ எப்சம் உப்பு கரைந்திருப்பதால் நீச்சல் தெரியாதவரும் மல்லாந்து மிதக்கலாம். தோலின் வெப்பத்தையொட்டி, சுமார் 35 டிகிரி செல்சியஸில் இருக்கும் நீர் உடலில் படுவதே சற்று நேரத்தில் மறந்துவிடும். 1954இல் அமெரிக்காவில் நரம்பியல் விஞ்ஞானி ஜான் லில்லி மிதவைச் சோதனைகளைத் தொடங்கியது சிகிச்சைக்காக அல்ல. புலன்களுக்கு வேலையில்லாதபோது மூளை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான். நாள்பட்ட வலியுள்ள 99 பேரிடம் ஜெர்மனியில் நடந்து, 2021இல் வெளியான ஆய்வில் தொட்டியில் மிதந்தவர்களுக்கு வலியும் பதற்றமும் தற்காலிகமாகத் தணிந்தன. ஆனால் போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. வலிப்பு நோய், சிறுநீரகக் கோளாறு, குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட்டியில் இறங்கக் கூடாது. ஆறாத புண் இருந்தால் உப்புநீர் கடுமையாக எரியும்.